நலம் என்று எழுதிக் கொடுத்தவன்

கம்பெனி டிஸ்பென்சரியில் வேலை பார்ப்பவனுக்குக் கைவசம் இரண்டு மருந்து இருந்தால் போதும்: ஒன்று டிஞ்சர், இன்னொன்று ‘நலம்’ என்கிற வார்த்தை.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் நான் டிரெஸ்ஸராக இருந்தேன். கட்டுப் போடுவது, தையல் பிரிப்பது, ஊசி போடுவது என் வேலை. டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ‘காம்பவுண்டரே’ என்றால் திரும்பிப் பார்ப்பேன்.

வியாதிக்கு லீவு போட்டவன் திரும்பி வந்தால் ஃபிட் சீட்டு இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்தச் சீட்டுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். சோறு இறங்குதா, தூக்கம் வருதா, மூத்திரம் போவுதா. மூன்றுக்கும் தலையாட்டினால் ‘நலம்’ என்று எழுதி டாக்டர் கையெழுத்துக்கு வைத்துவிடுவேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் இருப்பீர்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டு வந்து, ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு தடவை போயிருக்கலாமோ என்று தவிக்கிறவர்கள். கல்யாண வீட்டில் மணமேடையைத் தேடுவதற்கு முன்னால் கொல்லைப்புறத்தைத் தேடுகிறவர்கள். நீங்கள் என் கட்சி. நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். இதுவரை எழுதுவதற்குள் நானே ஒரு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன்.

பித்தளை டோக்கன்

எங்கள் பவுண்டரியில் ஒரு லைனுக்கு ஒரே ஒரு பித்தளை டோக்கன். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அதைக் கையில் எடுத்தவன்தான் ஒண்ணுக்குப் போகலாம். அவன் திரும்பி வந்து மாட்டும்வரை அடுத்தவன் காலைப் பின்னிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாதமுனி என்று ஒருவர், மணிமங்கலத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயசு, வார்த்த இரும்பில் பிசிறு தட்டுகிற வேலை. அவர் டோக்கனை எடுத்தால் திருப்பி மாட்டாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். எப்படியும் பத்து நிமிஷத்தில் மறுபடி வேண்டும், எதற்கு மாட்டுவானேன் என்பது அவர் கட்சி. ஒரு நாள், அடக்க முடியாத இரண்டு பேர் அவர் பையில் கைவிட, கைகலப்பாகி, மூன்று பேரும் என் அறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

உதட்டுக்கு டிஞ்சர் வைத்துக்கொண்டே ‘சர்க்கரையா?’ என்று கேட்டேன். ‘ஆமா, சர்க்கரைதான்’ என்றார் நாதமுனி. அடிக்கடி ஒண்ணுக்குப் போகிற எல்லோரும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், ஏனென்றால் அது கௌரவமான வியாதி. சோதித்தால் சர்க்கரையே இல்லை. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக விரல் விட்டுப் பார்த்தார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற பிராஸ்டேட் சுரப்பி கல்லாக இறுகியிருக்கிறது என்று மெட்ராஸ் பெரிய டாக்டரிடம் அனுப்பினார். புற்று என்று பதில் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து நாதமுனி வந்தபோது நான் மூன்று கேள்வி கேட்டு ‘நலம்’ என்று எழுதினேன். சீட்டை வாங்கிக்கொண்ட சூப்பர்வைசர், ஆணியிலிருந்து டோக்கனை எடுத்து வந்து என்னிடம் காட்டினார்.

“பாருங்க காம்பவுண்டரே, இதுல நம்பரே தேஞ்சி பூட்ச்சி. இவரு ஒருத்தரே தேச்சது.”

டாக்டர் திருப்பிக் கேட்டது

அடுத்த நாலு வருஷத்தில் இன்னும் மூன்று பேர் இதே நோயோடு என் அறையிலிருந்து மெட்ராஸுக்குப் போனார்கள். கரி யார்டில் வேலை செய்த கன்னியப்பன், ஸ்டோர் கிளார்க் சவரிநாதன், வாட்ச்மேன் ஏகாம்பரம். ஆளுக்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டு திரும்பினார்கள். மூன்று பேருக்கும் ‘நலம்’ எழுதினேன். ஐந்தாவது ஆளாக நான் போனேன்.

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு. என் அறைக்கு டோக்கன் கிடையாது, அதனால் என் வியாதி யார் கண்ணிலும் படவில்லை. மெட்ராஸ் டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார், ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார், பிறகு என்னை உட்காரச் சொன்னார். டாக்டர்கள் எப்போது உட்காரச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் நின்றுகொண்டே கேட்டேன். நாலு வழி சொன்னார். பெண் ஹார்மோன் மாத்திரை ஒன்று. விதையை எடுத்துவிடுகிற ஆப்பரேஷன் ஒன்று. கோபால்ட் மெஷினில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவது, எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கரண்டு வைப்பது. எதுவுமே வேண்டாம் என்றால், அடைத்துக்கொள்ளும்போது டியூப் போட்டுவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது. ‘எது நல்லது சார்?’ என்றேன். ஆயிரம் பேர் என்னிடம் கேட்ட கேள்வி அது, நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“உங்க நிலைமையில எத்தனை வருஷம் இருப்பீங்கங்கறதுல பெரிய வித்தியாசம் வரும்னு என்னால சொல்ல முடியலை. அந்த வருஷத்தை எப்படி ஓட்டப் போறீங்கங்கறதுலதான் வித்தியாசம். நாலு வழியிலயும் போன நாலு பேரையும் கிட்ட இருந்து பார்த்தவர் நீங்கதான். ஒரு மாசம் கழிச்சு வந்து, எது தேவலைன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க.”

முதல் சுற்று

கிட்ட இருந்து பார்த்தேனா? எழுதித்தான் கொடுத்தேன்.

அந்த மாதம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. டிஞ்சர் பாட்டிலைத் திறப்பேன், மூடுவேன். ஒரு ஆளுக்கு இடது கையில் காயம், நான் வலது கையில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன், அவனும் காம்பவுண்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அதோடு லைனுக்குப் போய்விட்டான். வீட்டில் என் சம்சாரம் சரோஜாவிடம் டாக்டர் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வெளியே கிளம்பினேன். அவள் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வீட்டுக்கும் போனேன். ‘எப்படி இருக்கீங்க’ என்றதும் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். நாலு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: நல்லா கீறேன். சவரிநாதன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, மூட்டைகூடத் தூக்குவேன் என்றார். நாதமுனியின் சம்சாரம் குப்பம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அதுக்கு இன்னா தெரியும்...” என்று ஆரம்பித்தாள். அவர் ஒரு முறை முறைத்தார். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நாதமுனி சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“சோறு எறங்குது, தூக்கம் வருது, மூத்திரம் போவுது. கையெழுத்து எங்க போடணும் காம்பவுண்டரே?”

எனக்கும் சர்க்கரைதான்

அடுத்த ஞாயிறு மறுபடி மணிமங்கலம் போனேன். நாதமுனி என்னைப் பார்த்ததும், வியாதிக்குப் பிறகு கம்பெனி கொடுத்திருந்த லைட் வேலையிலிருந்து தூக்கத்தான் வந்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. பேச்சை ஆரம்பிப்பதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது, கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தேன். இரண்டு வார்த்தை பேசியதும் மறுபடி போனேன். மூன்றாவது தடவை எழுந்தபோது அவர் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். ‘சர்க்கரை’ என்றேன். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ‘எனக்கும் சர்க்கரைதான் காம்பவுண்டரே’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

மாத்திரை சாப்பிட்ட ஆறே மாதத்தில் மார்பு இரண்டும் பெண்ணுக்கு மாதிரி உப்பியிருக்கிறது. துணி பட்டாலே வலி. சாயங்காலமானால் கால் வீங்குகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் அவருக்குப் பெரிய விஷயமாக இல்லை. அவர் ஊர்ப் பெருமாளுக்குப் பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர், இருபத்தைந்து வருஷமாக முன் தண்டு அவருடையது. சட்டை போட்டுக்கொண்டு பல்லக்குத் தூக்க முடியாது. அதனால் போவதை நிறுத்திவிட்டார். காரணத்தையும் சொல்லவில்லை. ஊரார் ஆளுக்கு ஆள் பேசி, நாதமுனி கருப்புச் சட்டைக்காரர்களோடு சேர்ந்துவிட்டார், சாமி இல்லை என்கிறார் என்று தீர்மானித்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுக் கருப்புச் சட்டைக்காரர்களே வீடு தேடி வந்து, கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று கூப்பிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சட்டையை மறுபடி மாட்டும்போது அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“நீ எழுதினது பொய் இல்ல, மூத்திரம் நல்லாத்தான் போவுது. ஆனா பொறப்பாடு அன்னிக்கு மோளச் சத்தம் கேட்டா தோளு தானா தூக்குது. நான் கதவ சாத்திகினு உள்ள குந்திகினு கீறேன்.”

கன்னியப்பனும் காளைகளும்

திங்கட்கிழமை காலை கேன்டீனில் டீ ஆறுவதற்குள், காம்பவுண்டருக்கும் அதே வியாதி என்கிற சேதி பரவிவிட்டது. அதற்குப் பிறகு ‘நல்லா கீறேன்’ என்று யாரும் சொல்லவில்லை. முதலில் வந்தவர் கன்னியப்பன். வல்லத்தில் கொஞ்சம் நிலம், பாதி நாள் விவசாயம், பாதி நாள் எங்கள் கரி யார்டு. சுற்று வட்டாரத்தில் காளைகளுக்குக் காயடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு விதையெடுக்கிற ஆப்பரேஷன் செய்தபோது ஊரே ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வேறு கணக்குப் போட்டார். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பேரன் எடுத்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டு, சரி, பக்கெட்டையாவது காட்டு என்று வந்து நின்றாராம்.

வலி எல்லாம் ஒரு வாரத்தில் போய்விட்டது, இடுப்பெலும்பில் இருந்த குடைச்சல்கூடப் போய்விட்டது என்றார். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உடம்பு திடீரென்று கொதிக்கிறது. வயலில் இருந்தால் பம்ப்செட் தொட்டியில் தலையை விட்டுக்கொள்வார், யார்டில் எங்கே போய் விடுவது? பெண்டாட்டி மேல் ஆசை போய்விட்டது, போனதில் வருத்தம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றார். காரணமில்லாமல் அழுகை வருகிறதாம். கன்றுக்குட்டியைப் பாலிலிருந்து பிரித்துக் கட்டியபோது தேம்பித் தேம்பி அழுததைச் சொன்னார். கரி மூட்டையை இரண்டு இரண்டாகத் தூக்கிய ஆள் அவர். ஒரு விட்டமின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

“எத்தினி காளைக்கு அடிச்சிருப்பேன். ஒண்ணுகூட திரும்பிப் பாத்து, இன்னாடா இப்டி பண்ணிட்டன்னு கேக்கல. அதுங்களுக்கு வாய் இல்ல, எனக்கு வாய் இருந்தும் கேக்க ஆள் இல்ல.”

சவரி சார் ஸ்டாப்பிங்

கரண்டு வைத்துக்கொண்ட சவரிநாதனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வீடு. கத்தியும் இல்லை, மாத்திரையும் இல்லை, கௌரவமான வைத்தியம் என்று நான்தான் அவரை அதற்குத் தூண்டியவன். ஞாயிறு தவிரத் தினமும் மெட்ராஸ் போய், இரண்டு நிமிஷம் மெஷினில் படுத்துவிட்டு, திரும்பி வர வேண்டும். இரண்டு நிமிஷ வேலைக்கு ஒரு முழு நாள். அடிவயிற்றில் ஊதா மையால் கட்டம் போட்டுவிட்டு, அழியக் கூடாது, சோப்புப் போடாதே என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் மூத்திரம் எரிய ஆரம்பித்தது, வயிறும் இளகிவிட்டது. இப்போதும் சில நாள் ரத்தம் தெரிகிறது என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. தன்னிடம் யார் கேட்டார்கள் என்றார், அதுவும் சரிதான்.

மெட்ராஸிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கதவோரச் சீட்டைப் பிடித்துக்கொள்வார். பூந்தமல்லிவரை கர்த்தரை நினைத்துக்கொண்டு தாக்குப்பிடிப்பார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை கண்ணில் பட்டதும் கதை முடிந்தது. அந்தக் கரைக்குப் பின்னால் அவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்கிற நினைப்பே போதுமாம். முதல் இரண்டு நாள் கண்டக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மூன்றாம் நாள் கண்டக்டரே விசில் கொடுத்தார். வாரம் முடிவதற்குள் ஏரிக்கரைப் புளியமரத்தடி ஒரு நிறுத்தமாகிவிட்டது. இவரோடு தினமும் இரண்டு மூன்று பேர் ஒன்றும் தெரியாதவர்கள் போல இறங்கினார்கள். அவர்கள் யாரும் எந்த வைத்தியத்துக்கும் போகிறவர்கள் இல்லை. வேஷ்டி கட்டின ஐம்பது வயசுக்காரர்கள், உங்களையும் என்னையும் போல. வைத்தியம் முடிந்து மூன்று மாதம் கழித்து, வேறு வேலையாக அந்த பஸ்ஸில் ஏறினாராம். அதே இடம் வந்ததும் கண்டக்டர் முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்.

“சவரி சார் ஸ்டாப்பிங் வந்திருச்சி, வேற யாராச்சும் எறங்கறீங்களா?”

ஒயர் கூடை

வாட்ச்மேன் ஏகாம்பரம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அடைப்பு வந்ததும் டியூப் போட்டார்கள், அதோடு இருக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். டியூபின் மறுமுனை ஒரு பாட்டிலில், பாட்டில் ஒரு ஒயர் கூடையில், கூடை அவர் கையில். கேட்டில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவன் டிபன் பாக்ஸை எல்லாம் திறந்து காட்டச் சொல்கிற ஆளின் கூடையை யாரும் திறந்து பார்த்ததில்லை. நான் மாதத்துக்கு இரண்டு தடவை டியூப் மாற்றுவேன். நடுவில் காய்ச்சல் வரும், குளிர் வரும், ஊசி போடுவேன். நாலு பேரில் நிம்மதியாக இருப்பவர் இவர்தான் என்று நினைத்திருந்தேன். மார்பு உப்பவில்லை, உடம்பு கொதிக்கவில்லை, பஸ் ஏறவில்லை. அதையே அவரிடம் சொன்னேன். அவர் கூடையைக் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார்.

“பேத்தி ஓடியாந்து மடியில உழுவும், டியூப இழுத்துடுமோன்னு ஒரு தபா கைய ஓங்கிட்டேன். இப்ப அது என் கிட்டவே வரமாட்டேங்குது.”

நாற்காலி

மாதம் முடிந்தது. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள், நாலு பேரும் எதையோ ஒன்றை விட்டுக் கொடுத்திருந்தார்கள், எதை விடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறியது. எனக்குப் பல்லக்கு இல்லை, பேத்தி இல்லை. யோசித்துத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். தினம் ஒரு மாத்திரை, தினம் ஒரு பஸ், தினம் ஒரு பாட்டில், இதெல்லாம் இருப்புக் கொள்ளாதவனுக்கு ஒத்துவராது. ஒரே தடவையில் முடிகிற வேலை என்று ஆப்பரேஷனுக்குச் சரி சொன்னேன். சரோஜாவிடமும் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அவள் ‘சரி’ என்றாள்.

மூன்று மாதம் கழித்து மெட்ராஸ் டாக்டரிடம் போனோம். விரல் விட்டுப் பார்த்தார், திருப்தி என்றார். ‘எப்படி இருக்கீங்க?’ என்றார். நான் எழுந்து நின்றேன். ‘நல்லா இருக்கேன் சார். சோறு எறங்குது, தூக்கம் வருது, மூத்திரம் போவுது.’ என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு எனக்கே திடுக்கென்றது. டாக்டர் எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தார். பின்னால் நின்றுகொண்டிருந்த சரோஜா முன்னால் வந்து, ‘எழுதாதீங்க டாக்டர். ஒரு நாற்காலி கிடைக்குமா? கொஞ்சம் நேரமாவும்’ என்றாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உடம்பு கொதித்து நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடுவதைச் சொன்னாள். பேப்பரில் யாரோ செத்த சேதியைப் படித்து அழுவதைச் சொன்னாள். அவள் பார்க்கவில்லை என்று நான் நினைத்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். குப்பம்மாள் சொம்போடு வந்து நின்றது அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர் மூன்று நாலு தடவை என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியாக அவள் குரல் இறங்கிவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“ஆசை போனா போவட்டும் டாக்டர், அத நான் கேக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே பாயைச் சுருட்டிகினு முன் ரூமுக்குப் போய்ட்டாரே, அதுக்கும் இந்த ஆப்பரேஷனுக்கும் இன்னா சம்பந்தம்னு அவரைக் கேட்டுச் சொல்லுங்க.”

இத்தனை வருஷ டிஸ்பென்சரி அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட வைத்தியம் இவ்வளவுதான்: நோயாளியைக் கேட்டால் ‘நலம்’ என்பார், அவர் சம்சாரத்தைக் கேட்டால் முதலில் ஒரு நாற்காலி கேட்பார்.